கடற்கரைப் பூங்காவுக்குக் குடிநீர்: ஆர்ஓ வைப்பதா, காவிரிக் குழாயை உள்ளே இழுப்பதா?

தேவகோட்டை_வளவு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். காலமான எங்கள் பெரிய ஆச்சியின் நினைவாக, பங்காளிகள் சேர்ந்து ஒரு தண்ணீர் தர்மம் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று போட்டுப் பணமும் சேர்ந்துவிட்டது. ஊரில் ஊருணிக்கும் கோயில் கிணற்றுக்கும் ஆள் இருக்கிறார்கள். அதனால் திருவாடானை தாண்டி, தொண்டிப் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இருக்கும் ஒரு பூங்காவை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். லீவு நாளில் காரைக்குடி, தேவகோட்டையிலிருந்து கடல் பார்க்கப் போகிறவர்கள் பலரும் அங்கேதான் இறங்குகிறார்கள். உள்ளாட்சியோடு பேச்சு இன்னும் முடியாததால் இடத்தின் பெயரை இப்போது சொல்லவில்லை.

இப்போதைய நிலை இதுதான்: ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு), ஒரு சின்டெக்ஸ் தொட்டி, நான்கு குழாய். இரண்டு குழாயில் தண்ணீர் வராது. மற்ற இரண்டில் வருவதை வாயில் வைக்க முடியாது, கால் கழுவத்தான் ஆகும். பிள்ளைகள் மணலில் ஓடி விளையாடிவிட்டுத் தாகத்தோடு வந்து குழாயில் வாய் வைத்துவிட்டுத் துப்புகிறார்கள். வசதி உள்ளவர்கள் வெளியே பாட்டில் வாங்குகிறார்கள். மற்றவர்கள் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள்.

ஒரு ஒப்பந்தக்காரர் திட்டம் கொடுத்திருக்கிறார். புதிய ஆழ்துளைக் கிணறு, ஆர்ஓ இயந்திரம் (சவ்வு வழியாக உப்பை வடிகட்டுவது), குளிர்நீர் இயந்திரம், முன்னால் கிரானைட் முகப்பு, பெயர்க்கல். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் சாலை வரை வந்திருக்கிறது, பூங்காவுக்குள் வரவில்லை. எது சரியாக இருக்கும்? தண்ணீர், குழாய் வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை

நல்ல காரியம். நான் அந்தக் கரையில் குடியிருப்பவன் என்பதால் முதலில் ஒன்று சொல்கிறேன். தயவுசெய்து இன்னொரு போர் போடாதீர்கள்.

எங்கள் பக்கம் பெண்கள் மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டிச் சிரட்டையில் மொண்டு குடத்தில் ஊற்றி எடுப்பார்கள். அந்தத் தண்ணீர் குடிக்க நன்றாக இருக்கும். அதே இடத்தில் ஆழமாகத் துளை போட்டு மோட்டார் வைத்தால் கொஞ்ச நாளில் உப்புதான். ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தால் சில மாதம் தாங்கும். சித்திரை வந்தால் போச்சு. பூங்காவில் இப்போது இருக்கும் போரும் தொடக்கத்தில் குடிக்கும்படி இருந்ததுதான்.

மின்வேதி_ஓய்வு

தொண்டிக்கரை சொல்வது முழுக்கச் சரி. காரணத்தையும் சொன்னால் பங்காளிகளிடம் எடுத்துப் பேச வசதியாக இருக்கும்.

கடற்கரை மணலுக்கு அடியில் கடல் நீர்தான் நிற்கிறது. அதன் மேல் மழைத் தண்ணீர் ஒரு படலமாக மிதக்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிடச் சுமார் நாற்பதில் ஒரு பங்கு கனம் கூடியது. ஆகவே நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு 1 அடி மேலே நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நீர் நாளடைவில் 40 அடி வரை ஏறி வரும். சிரட்டையில் மொள்ளும்போது மட்டம் இறங்குவதில்லை. மோட்டார் போட்டால் இறங்கும்.

சட்டமும் குறுக்கே நிற்கும். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி, அலை ஏறும் உச்சக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுப்பதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே குடியிருக்கும் மக்களின் சொந்தத் தேவைக்குத்தான் விலக்கு. கடல் பார்க்க வருகிறவர்களுக்காக ஒரு அறக்கட்டளை போர் போடுவது அந்த விலக்கில் வராது என்றே நினைக்கிறேன். ஒப்பந்தக்காரர் இதைச் சொன்னாரா?

ஆர்ஓ விஷயத்துக்கு வருவோம். உள்ளே போகும் தண்ணீரில் ஒரு பகுதிதான் நல்ல நீராக வெளியே வரும். பாதி வருகிறது என்றே வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் உப்புள்ள போர்த் தண்ணீர் போனால், கழிவாக வரும் மறுபாதியில் ஏறக்குறைய 6,000 இருக்கும். அதை எங்கே விடுவீர்கள்? பூங்கா மணலில் விட்டால் மறுபடி அதே கிணற்றுக்குள்தான் இறங்கும். செடிகளும் கருகும். அதோடு, வாரத்தில் ஐந்து நாள் சும்மா கிடந்து இரண்டு நாள் ஓடும் இயந்திரத்தில் சவ்வில் பாசி பிடிக்கும். தினமும் ஓடும் இடத்துக்கு ஆர்ஓ சரி, ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவுக்குச் சரிப்படாது.

தேவகோட்டை_வளவு

சொல்லவில்லை ஐயா. போர் போட அனுமதி வேண்டும் என்பதையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். காவிரிக் குழாய்த் தண்ணீருக்கே ஆர்ஓ வைத்துவிட்டால் என்ன?

மின்வேதி_ஓய்வு

தேவைப்படாது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500-இன்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி. 500-க்குக் கீழே உப்புள்ள தண்ணீருக்கு ஆர்ஓ வைப்பதைத் தடை செய்யும்படி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே சொன்னது. முதலில் சாலைக் குழாய்த் தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதியுங்கள். கரைந்த உப்பு, குளோரைடு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃப்ளோரைடு, கிருமி ஆகிய எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் கையில் வந்த பிறகுதான் எந்த இயந்திரத்தைப் பற்றியும் பேச வேண்டும்.

கானாடுகாத்தான்_பேரன்

எல்லாரும் காவிரி காவிரி என்கிறீர்கள். திருச்சிப் பக்கம் ஆற்றுப் படுகையில் எடுத்து, புதுக்கோட்டை, சிவகங்கை, ராமநாதபுரம் மூன்று மாவட்டத்துக்கும் போகும் தண்ணீர் அது. வழியில் எங்கே குழாய் உடைந்தாலும் கடைசியில் இருப்பவனுக்கு வராது. கடற்கரைக் கிராமங்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாலே பெரிது. ஊர் மக்களே குடத்தோடு காத்திருக்கும் தண்ணீரை, கடல் பார்க்கப் போகிறவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா? ஆர்ஓ வைத்தால் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. இதையும் யோசியுங்கள்.

தொண்டிக்கரை

நியாயமான கேள்வி. எங்கள் தெருவில் கேட்டுப் பார்த்தேன். பூங்கா சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால், புதிய குழாய் போட்டால் கூடவே தெருவுக்கும் வெளிப்பக்கம் இரண்டு குழாய் வையுங்கள் என்கிறார்கள். அப்படிச் செய்தால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். குழாயை ஊரே காவல் காக்கும். பூட்டிய பூங்காவுக்குள் மட்டும் தண்ணீர் போவது தெரிந்தால்தான் மனத்தாங்கல் வரும்.

குழாய்மேஸ்திரி_புதுவயல்

வராத நாளைக்கு என்ன செய்வது என்பதைத் தொட்டிதான் தீர்க்க வேண்டும். நான் இந்த வேலைதான் செய்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஆள் அரை லிட்டர் குடிப்பார், ஒரு லிட்டர் பாட்டிலில் பிடித்துப் போவார். ஆக ஒன்றரை லிட்டர். ஞாயிற்றுக்கிழமை 1,000 பேர் வந்தால் 1,500 லிட்டர். இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டாலும் தாங்க 3,000 வேண்டும். உடனே 5,000 லிட்டர் தொட்டி வாங்கலாம் என்று தோன்றும், வாங்காதீர்கள். செவ்வாய், புதனில் ஐம்பது பேர்கூட வர மாட்டார்கள். தண்ணீர் அப்படியே வெயிலில் கிடந்து சூடேறும், குளோரின் போய்விடும், அப்புறம் வாடை அடிக்கும். 2,000 லிட்டரில் இரண்டு தொட்டி வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனி வால்வு. வாரநாளில் ஒன்று மட்டும் ஓடட்டும், மற்றதைக் காலியாக வைத்திருந்து வெள்ளிக்கிழமை நிரப்பிக்கொள்ளலாம். காணும் பொங்கலுக்கு இரண்டும் போதாது, அன்றைக்கு மட்டும் லாரி சொல்லிக்கொள்ளுங்கள்.

தொட்டிக்கு மேல் கூரை கட்டாயம். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், காற்றுக்குழாய்க்கும் வழிகுழாய்க்கும் கொசுவலை போடுங்கள். அடியில் கழிவு வால்வு இல்லாத தொட்டியை எவ்வளவு கழுவினாலும் வண்டல் தங்கும்.

சாலையிலிருந்து உள்ளே வரும் குழாய் எச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்). ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வேண்டவே வேண்டாம், உப்பு மணலில் அது தாங்காது. பழைய குழாய்களை வெட்டி மூடிவிடுங்கள். எங்கேயாவது ஒரு துண்டுக் குழாய் முட்டிக்கொண்டு நின்றால் அதில் தேங்கும் தண்ணீர்தான் மொத்தத்தையும் கெடுக்கும். செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸை இதே குழாயில் மாட்டவே கூடாது. ஹோஸ் முனை சேற்றுத் தண்ணீரில் கிடக்கும், மேலே அழுத்தம் குறைந்ததும் சேற்றைக் குடிநீர்க் குழாய்க்குள் இழுத்துவிடும். செடிக்குத் தனிக் குழாய். அதற்கு மேலும் காப்பாக, உள்ளே நுழையும் இடத்திலேயே, தண்ணீரைத் திரும்பிப் போக விடாத ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு.

பழைய போரை மூட வேண்டியதில்லை. அது கால் கழுவும் இடத்துக்கு மட்டும் ஓடட்டும். ஆனால் அதில் ‘குடிக்க அல்ல’ என்று பெரிதாக எழுதுங்கள், படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் படமும் போடுங்கள். குடிநீர்க் குழாயிலிருந்து நன்றாகத் தள்ளி வையுங்கள்.

தேவகோட்டை_வளவு

அண்ணே, இவ்வளவு தெளிவாக ஒப்பந்தக்காரர்கூடச் சொல்லவில்லை. தண்ணீர் பிடிக்கும் குழாய்க்கு எந்த உலோகம்? அவர் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது என்கிறார்.

மின்வேதி_ஓய்வு

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று உலோக அரிப்பைப் படிப்பது. அதற்காகவே மண்டபத்தில் கடற்கரையோரம் ஒரு நிலையமும் உண்டு. அங்கே உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் நிறுத்திவைத்து, எது எத்தனை காலம் தாங்குகிறது என்று பார்ப்பார்கள்.

‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. பரவலாகக் கிடைப்பது 304 வகை. கடல் காற்றில் உள்ள குளோரைடு அதில் புள்ளிப் புள்ளியாகத் துளைக்கும். முதலில் டீக்கறை போலத் தெரியும், அப்புறம் ஊசித்துளை. 316 வகையில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்திருப்பார்கள், அது இந்தத் துளைப்பைப் பெருமளவு குறைக்கிறது. விலை கூடும். ஆனாலும் தொட்டித் தாங்கி, குழாய் மேடை, கைப்பிடி எல்லாம் 316 என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். போல்ட்டும் நட்டும் அதே வகையாக இருக்க வேண்டும். மேடை 316, போல்ட் சாதா இரும்பு என்றால் போல்ட் சீக்கிரமே கரைந்து மேடை ஆடும்.

பித்தளைக் குழாயில் வேறு சிக்கல். உப்புக் காற்றிலும் உப்புத் தண்ணீரிலும் பித்தளையிலிருந்து துத்தநாகம் மட்டும் கழன்று போகும். வெளியே குழாய் முழுசாகத் தெரியும், உள்ளே நுரை போலாகி ஒரு நாள் கையோடு வந்துவிடும். மலிவான குரோம் பூச்சுக் குழாய்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். 316 குழாய் கட்டுப்படியாகாவிட்டால் நல்ல பிளாஸ்டிக் குழாயே மேல். வெயிலில் நொறுங்கும்தான், ஆனால் மலிவு, மாற்றுவது சுலபம். பத்துக் குழாய் கூடுதலாக வாங்கிக் காவலாளியிடம் கொடுத்து வையுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் மழை படும் உலோகத்தைவிடக் கூரைக்கடியில் மழை படாமல் இருக்கும் உலோகம்தான் சீக்கிரம் கெடும். மழை உப்பைக் கழுவிவிடும், கூரைக்கடியில் உப்பு படிந்துகொண்டே இருக்கும். ஆகவே கூரை போட்டுவிட்டோம் என்று இருக்காமல், வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் குழாயையும் மேடையையும் துடைக்க ஆள் வேண்டும்.

கான்கிரீட்டில் கட்டுவதானால் கடல் மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது. உப்பு உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

கோட்டையூர்_ஆச்சி

தம்பிகளா, இரும்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். குடிக்கிறவர்களைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

குழாய் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. ஒன்றாவது பிள்ளைகளுக்கு எட்டும்படி தாழ்வாக இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வருகிறவர் முழங்காலை உள்ளே விட்டுக் குழாயைத் தொடும்படி ஒரு மேடைக்கு அடியில் காலி இடம் விடுங்கள். என்னைப் போல விரல் மடங்காதவர்களுக்குத் திருகும் குழாய் ஆகாது, பலமாக அழுத்த வேண்டிய குழாயும் ஆகாது. லேசாகத் தள்ளினால் திறக்கும் நீளப் பிடி வையுங்கள். ஒன்றில் மட்டும் வாய் உயரமாக, பாட்டில் நிற்கும்படி இடம் விடுங்கள்.

டம்ளரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடும் வழக்கம் வேண்டாம், ஒருவர் வாய் வைத்ததைத்தான் அடுத்தவரும் வைக்கிறார்கள். குளிர்நீர் இயந்திரமும் வேண்டாம். உப்புக் காற்றில் அது கெட்டு நின்றால் பழுது பார்க்க ஆள் காரைக்குடியிலிருந்து போக வேண்டும். தொட்டிக்கு நிழல் இருந்தாலே தண்ணீர் குடிக்கும்படி இருக்கும். கோடையில் மட்டும், குழாய் வைத்த மண்பானை நாலு வையுங்கள். நம் வீடுகளில் தண்ணீர்ப் பந்தல் வைத்துப் பழக்கம் இருக்கிறது. தினமும் பானையைக் கழுவி மாற்ற ஆள் இருந்தால் மட்டும் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கீழே சிந்தும் தண்ணீர் எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லையே. குழாயடியில் சேறு நின்றால் யாரும் கிட்டே போக மாட்டார்கள். வாட்டம் கொடுத்து வேப்பங்கன்றுக்கோ புங்கங்கன்றுக்கோ விடுங்கள். நம் வீடுகளில் வளவில் (உள்முற்றத்தில்) விழுந்த மழைத்தண்ணீர்கூட வீணாகாமல் ஊருணிக்குப் போகும்படி கட்டியிருக்கிறார்களே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும்.

கானாடுகாத்தான்_பேரன்

ஆச்சி மழைத்தண்ணீரைச் சொன்னதும் ஒரு யோசனை. பூங்காவில் 100 சதுர மீட்டர் கூரை இருந்தாலும் 10 மில்லிமீட்டர் மழைக்கு 1,000 லிட்டர் விழும். அதையும் குடிநீராகச் சேர்க்கலாமா? இரண்டு தொட்டியும் தெருக் குழாயும் என்றால் எனக்கும் காவிரியில் ஆட்சேபம் இல்லை.

மின்வேதி_ஓய்வு

குடிக்க வேண்டாம். கூரையில் கடல் உப்பும் பறவை எச்சமும் இருக்கும். வீட்டில் என்றால் முதல் மழையை விட்டுவிட்டு, வேட்டி கட்டி வடிகட்டி அண்டாவில் பிடிக்க ஒருவர் நிற்பார். பூங்காவில் நிற்க ஆளில்லை. அந்தத் தண்ணீரை மணலுக்குள் இறக்கிவிடுங்கள். தொண்டிக்கரை சொன்ன ஊற்றுகளுக்கு அது பலம். 2003 முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்தானே, பூங்காக் கட்டடத்துக்கும் இருக்கட்டும்.

தேவகோட்டை_வளவு

எல்லாவற்றையும் அச்செடுத்துப் பங்காளிகளிடம் காட்டினேன். போர், ஆர்ஓ, குளிர்நீர் இயந்திரம் மூன்றையும் விட்டாயிற்று. அதனால் பணம் கணிசமாக மிஞ்சுகிறது. பெரிய குழாய் மேடையாகக் கட்டிவிடலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள்.

கோட்டையூர்_ஆச்சி

அப்பச்சி காலத்தில் கோயிலுக்கு விளக்கு மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார்களா? எண்ணெய்க்கும் திரிக்கும் கட்டளை வைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும்படி எழுதி வைத்தார்கள். நம் நகரத்தார் சமூகத்தார் கட்டிய எத்தனையோ சத்திரத்திலும் பாடசாலையிலும் கட்டடத்துக்குக் கொடுத்ததைவிட நடத்துவதற்கு வைத்த சொத்துதான் பெரிது. மிஞ்சிய பணத்தை வங்கியில் போட்டு, வட்டியில் ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுங்கள். உங்கள் பெரிய ஆச்சிக்கு அதுதான் தர்மம். பளபளப்பாகத் திறந்து வைத்து, அடுத்த வருடமே வறண்டு நின்ற தண்ணீர்த் தொட்டிகளை நாம் எல்லாரும் சாலையோரம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். பெயர் எழுதிய கல் மட்டும் வெயிலில் நிற்கிறது. பார்க்க வயிறு எரிகிறது.

குழாய்மேஸ்திரி_புதுவயல்

ஆச்சி சொல்வதுதான் நான் வேலை செய்த இடங்களிலும் நடந்தது. கெடுவது பெரிய பொருள் அல்ல. வாஷர் தேயும், மிதவை வால்வு மாட்டிக்கொள்ளும், குழாய்ப் பிடி உடையும். நூறு இருநூறு ரூபாய் வேலை. அதைச் செய்ய யாருக்குப் பொறுப்பு, யார் பணம் தருவது என்று தெரியாமல் குழாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவார்கள். அப்புறம் அது திறப்பதே இல்லை.

அந்த ஆளுக்கு வேலைப் பட்டியல் எழுதிக் கொடுங்கள். காலையில் எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் திறந்து தேங்கிய தண்ணீரை வெளியேற்றுவது. குளோரின் சோதனைச் சொட்டு விட்டுப் பார்ப்பது. கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை உப்பைத் துடைப்பது. தொட்டி கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுவது, ஊர் மேல்நிலைத் தொட்டிகளில் எழுதுவது போலத்தான்.

நெற்குப்பை_நூலகம்

படித்துக்கொண்டே வந்தேன், பண விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். அரசின் நமக்கு நாமே திட்டத்தில், பொதுச் சொத்தாக இருக்கும் வேலைக்கு மக்கள் பங்காகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். குழாய் இழுப்பது, தொட்டி, மேடை இவற்றை அந்த வழியில் கொண்டுபோனால் உங்கள் பணத்தில் பெரும்பகுதியைக் கட்டளைக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளாட்சியின் தீர்மானம் வேண்டும். அந்தத் தீர்மானத்திலேயே பராமரிப்பு யாருடையது, மின்கட்டணம் யாருடையது, தெருக் குழாய்க்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்பதை எழுத வையுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் அதிகாரி மாறியதும் போய்விடும்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தண்ணீர்ப் பாக்கெட்டுக்குத் தடை. ஆனாலும் அந்தக் கரையில் பாக்கெட் மணலில் கிடக்கிறது, பாட்டிலும் கிடக்கிறது. நல்ல தண்ணீர் கிடைக்காதவரை அபராதம் போட்டும் பயனில்லை. கடைக்காரர்களைப் பகைத்துக்கொள்ளாமல், பாட்டில் நிரப்பும் குழாய் எங்கே இருக்கிறது என்று வாசலிலேயே ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள்.

தொண்டிக்கரை

பராமரிப்புக்கு ஆள் வேண்டுமென்றால் பூங்காவுக்கு எதிர்த் தெருவிலேயே மகளிர் குழு இருக்கிறது. தெருக் குழாய் அவர்களுக்கும் பயன்படப்போகிறது என்பதால் பொறுப்பாகப் பார்ப்பார்கள். வெளியூர் ஆள் என்றால் மழைக்காலத்தில் வர மாட்டார்.

தேவகோட்டை_வளவு

நேற்று இரவு பேசி முடித்தோம். சாலைக் குழாயிலும் பழைய போரிலும் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்கிறோம். முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன். மகளிர் குழுவைப் பார்க்கத் தொண்டிக்கரை கூட வந்தால் நன்றாக இருக்கும். கிரானைட் முகப்பு கிடையாது. பெரிய ஆச்சியின் பெயரைச் சிறியதாகப் போட்டு, அதே பலகையில் தொட்டி கழுவிய தேதியும் கடைசிச் சோதனை முடிவும் எழுத இடம் விடச் சொல்லியிருக்கிறோம். மேஸ்திரி அண்ணே, வரும் வாரம் இடத்தைப் பார்க்க வர முடியுமா? தெருக் குழாய் இரண்டா மூன்றா என்பதை அங்கே நின்று முடிவு செய்யலாம்.

குழாய்மேஸ்திரி_புதுவயல்

வருகிறேன். தண்ணீர் விடும் நேரத்தைக் கேட்டு வையுங்கள், அந்த நேரத்திலேயே போவோம். அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால்தான் தொட்டிக்கு நேராக ஏறுமா, கீழே ஒரு சம்ப் (தரைக்கடித் தொட்டி) வேண்டுமா என்று சொல்ல முடியும்.